எட்டாம் நம்பர் லைன் அமிர்தவள்ளியும் மலேசியா ஷூவும்

அமிர்தவள்ளிக்கு நாற்பத்தாறு வயது. அதில் இருபத்திரண்டு வருஷம் ஆம்பூர் ஷூ கம்பெனியில் போனது. மீதியில் பெரும்பகுதி அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதில் போனது என்று அவள் புருஷன் கோபி சொல்வான். அவன் சொல்வதில் பாதிதான் உண்மை. அடுத்த வீட்டு விஷயம் தானாக அவளைத் தேடி வரும். அவள் காது கொடுப்பாள், அவ்வளவுதான்.

அவள் வயிற்றெரிச்சல் பிடித்தவள் என்பது விரிஞ்சிபுரம் பஸ் ஸ்டாப் வரைக்கும் தெரிந்த சேதி. ஆனால் கண்டவர்களைப் பார்த்தெல்லாம் எரிகிற ஆள் இல்லை அவள். எதிர்வீட்டுக்காரி மாடி எடுத்தபோது இவள்தான் முன்னால் நின்று பால் காய்ச்சினாள். பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு சர்க்கார் வேலை கிடைத்தபோது அரை கிலோ மைசூர்பாகு வாங்கிப் போனாள். இருக்கிற எரிச்சலை அங்கங்கே சில்லறையாகச் சிதறவிடாமல் ஒரே ஆளுக்கென்று சேர்த்து வைத்திருந்தாள். அந்த ஆள் பூங்குழலி. கோபியின் ஒரே தங்கை, அமிர்தவள்ளியின் நாத்தனார், இருபத்தொன்பது வயது, எம்பிஏ.

பூங்குழலியை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே அமிர்தவள்ளிதான். ஆபீஸில் பில் எழுத ஆள் வேண்டும் என்றார்கள். "எங்க நாத்தனாரு கம்ப்யூட்டர்லாம் தட்டும் பாய்" என்று முதலாளியிடம் இவளே போய்ச் சொன்னாள். பில் எழுத வந்தவள் தபாலில் எம்பிஏ முடித்து, மூன்றே வருஷத்தில் வெளிநாட்டு வியாபாரிகளோடு பேசுகிற மெர்ச்சண்டைசர் ஆகிவிட்டாள். இவளோ பன்னிரண்டு வருஷம் மெஷினில் குனிந்து தைத்து, அப்புறம்தான் எட்டாம் நம்பர் லைனுக்கு சூப்பர்வைசர் ஆனவள். லைன் என்றால் நாற்பது பெண்கள், நாற்பது மெஷின். இந்தப் பக்கம் வெட்டின தோல் வந்தால் அந்தப் பக்கம் ஷூவின் மேல்பாகம் தைத்துப் போகும்.

காலை ஆறே முக்காலுக்கு விரிஞ்சிபுரத்தில் கம்பெனி பஸ். அதே ஸ்டாப்பில் ஏழேகாலுக்கு ஆபீஸ்காரர்களுக்கு ஏசி வேன். ஒரே வீடு, ஒரே தோசைக்கல், ஒரே கம்பெனி. ஆனால் அண்ணி பஸ்ஸுக்கு ஓடுகிற நேரத்தில் நாத்தனார் கண்ணாடி முன்னால் நின்று நிதானமாக மை தீட்டிக்கொண்டிருப்பாள். "அண்ணி, டிபன் பாக்ஸ மறந்துட்டீங்க" என்று அவள் வாசல் வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தால்கூட அமிர்தவள்ளிக்கு அது குத்தலாகத்தான் பட்டது. நேரம் இருக்கிறவளுக்குத்தானே அடுத்தவள் மறந்தது கண்ணில் படும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் அமெரிக்காக்காரன் வரியை ஏற்றினான். அவனைப் பார்த்து ஜெர்மனிக்காரனும் கையை இழுத்துக்கொண்டான். முதலாளி சமீருல்லா ஒருநாள் சூப்பர்வைசர்களைக் கூப்பிட்டு, எட்டாம் நம்பர் லைனுக்கு டிசம்பர் வரைக்கும்தான் வேலை இருக்கிறது என்றார்.

"அதுக்கப்பறம் பாய்?" என்று கேட்டாள் அமிர்தவள்ளி.

"மலேசியாவுக்கு நம்ம பேர்லயே ஷூ அனுப்பலாம்னு பாக்கறேன் அமிர்தம். அது அமைஞ்சா உன் லைன் ஓடும். அமையலன்னா மூடிடணும். நாப்பது பேரையும் எடுத்து வெக்க மத்த லைன்ல எடம் இல்ல."

"அமைஞ்சுடும் பாய். யார அனுப்பப் போறீங்க?"

"பூங்குழலி தான் பாக்குது."

அமிர்தவள்ளி தலையாட்டினாள். நாற்பது பேர் சோறு நாத்தனார் கைக்குப் போய்விட்டதே என்று கவலைப்பட்டாளா, நாத்தனாருக்கு விமானம் ஏறுகிற யோகம் வந்துவிட்டதே என்று கவலைப்பட்டாளா என்பதை அவளே பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

அடுத்த வாரம் கேன்டீனில் மேஜைகளை ஒதுக்கி, சுவரில் வெளிச்சம் அடித்து, பூங்குழலி படம் போட்டுக் காட்டினாள். முன்வரிசையில் முதலாளி. பின்னால் சூப்பர்வைசர்கள், டீ டம்ளர்களோடு.

"வெளிநாட்டுல போய் யாவாரம் பண்றதுக்கு முன்னாடி அஞ்சு பேரப் பாக்கணும்" என்று ஆரம்பித்தாள் பூங்குழலி. "ஏற்கெனவே அங்க வித்துக்கினு இருக்கறவன். நாளைக்குப் புதுசா உள்ள வரப் போறவன். நம்மகிட்ட வாங்கறவன். நமக்கு சோல், பசை, தோலுன்னு குடுக்கறவன். அப்பறம், ஷூவே வேணாம், ரப்பர் செருப்பு போதும்னு போறவன். நம்ம லாபத்த இந்த அஞ்சு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பாங்க."

"அஞ்சு பேரு இழுத்தா நம்ம கைல இன்னாம்மா மிஞ்சும்? நூலு தான்" என்றாள் அமிர்தவள்ளி பின்வரிசையிலிருந்து. கேன்டீன் சிரித்தது.

"மிஞ்சணும்னு தான் அண்ணி முன்னாடியே பாக்கறோம்" என்றாள் பூங்குழலி. அவளும் சிரித்தாள். அதுதான் அவளிடம் பிடிக்காத குணம். குத்தினால் வலிக்க வேண்டாமா?

மேலே சொல்லிக்கொண்டே போனாள். மலேசியாவில் பெரிய கடைகளில் சீனா சரக்கு நிறைந்திருக்கிறது. பக்கத்திலேயே இந்தோனேசியாக்காரன் விலை கம்மியாகக் கொடுக்கிறான். கடைக்காரர்கள் விற்றால்தான் காசு, விற்காவிட்டால் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள் என்பார்கள். சோல் கொடுக்கிற கம்பெனிதான் நம் போட்டிக்காரனுக்கும் கொடுக்கிறது. நம்மால் சொல்லிக்கொள்ள முடிந்தது ஒன்று: உள்ளே வைக்கிற தோல் பன்றித்தோல் இல்லை, முழுக்க ஆட்டுத்தோல் என்று இந்த ஊர்க்காரன் சத்தியம் பண்ணிக் கொடுக்கலாம். அங்கே முஸ்லிம் பெண்கள் அதைக் கேட்டு வாங்குவார்கள்.

சமீருல்லா திரும்பி எல்லாரையும் பார்த்து, "பாத்தீங்களா" என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். அமிர்தவள்ளி டீ டம்ளரை நங்கென்று கீழே வைத்தாள். பேச்சு மோசமாக இருந்திருந்தால் சும்மா சிரித்துவிட்டுப் போயிருப்பாள். நன்றாக இருந்ததுதான் தாங்கவில்லை.

கடைசிப் படத்தில் ஷூ வந்தது. கறுப்புத் தோல், குட்டைக் குதிகால், புறங்காலுக்குக் குறுக்கே ஒரு பட்டை, பட்டையில் ஒரு பக்கிள். ஜெர்மனிக்காரன் வேண்டாம் என்று விட்டுப்போன மாடல். அச்சு, அளவு எல்லாம் தயாராக இருக்கிறது, புதுச் செலவே இல்லை என்றாள் பூங்குழலி. சாம்பிள் இருபது ஜோடி எட்டாம் லைனிலேயே தைப்பது என்று முடிவாயிற்று. கோலாலம்பூரிலிருந்து வியாபாரி அடுத்த மாதம் நேரில் வருகிறாள் என்பதும் சொல்லப்பட்டது.

சாயங்காலம் பஸ்ஸில் ஷஹீன் பானு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எட்டாம் லைனில் அவள்தான் கெட்டிக்காரத் தையல்காரி. பள்ளிகொண்டாவில் இறங்குகிறவள்.

"இன்னாக்கா, உங்க நாத்தனாரு படம்லாம் போட்டு பேசிச்சாமே. இன்னா தான் சொல்லிச்சு?"

"பெரிய சங்கதிலாம் ஒண்ணும் இல்லடி. வீட்ல தெனம் நடக்கறது தான். நான் கொழம்பு வெக்கறேன்னு வெச்சுக்கோ. ஓரகத்தியும் பக்கத்து அடுப்புல வெக்கறா. அவ ஏற்கெனவே விக்கறவ. கொழுந்தனுக்குப் பொண்ணு பாத்திருக்காங்க, தை மாசம் வந்து, நானும் வெக்கறேன் நவுருங்கன்னுவா. அவ புதுசா உள்ள வர்றவ. சாப்புடறது எங்க வூட்டுக்காரு. தட்டத் தொடறதுக்கு முன்னாடியே, போன வாரம் பெரியம்மா வீட்ல வெச்சது இன்னும் நல்லா இருந்துச்சும்பாரு. அவரு வாங்கறவரு. மளிகக் கடக்காரன் பருப்பு வெலய ஏத்திட்டு, வேணும்னா எடு இல்லன்னா போன்றான். அவன் குடுக்கறவன்."

"அஞ்சுன்னு சொன்னாங்களே?"

"அஞ்சாவது தான் பேஜாரு. இவ்ளோ பாடு பட்டு எறக்கி வெச்சா, மனுசன் வர்ற வழில பரோட்டா பார்சல் கட்டினு வந்துடுவாரு."

பஸ் சிரித்தது. பின்சீட்டில் இருந்த ஏழெட்டுப் பெண்களும் சிரித்தார்கள். அவர்கள் வேறு கம்பெனி. அந்தப் பக்கத்தில் ஆள் கம்மி என்பதால் இரண்டு கம்பெனிக்கும் சேர்த்து ஒரே காண்ட்ராக்ட் பஸ்.

"அப்ப உங்க நாத்தனாரு இதுல யாருக்கா?"

"அவ எதுலயும் வர மாட்டா. கொழம்ப ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடறவ."

சாம்பிள் தைக்க ஆரம்பித்த மூன்றாம் நாள், மதியத் தொழுகை நேரம். லைனில் இருந்த முஸ்லிம் பெண்கள் ஐந்தாறு பேர் கோடியில் இருக்கும் சின்ன அறைக்குப் போனார்கள். அமிர்தவள்ளி வாசலுக்கு எதிரே நின்று ஒரு பட்டையின் தையலைச் சோதித்துக்கொண்டிருந்தாள். ஷஹீன் பானு நடந்து வந்த வேகத்திலேயே ஒரு கால் செருப்பை உதறினாள், அடுத்த காலை உதறினாள், உள்ளே போய்விட்டாள். குனியவே இல்லை. மற்றவர்களும் அப்படித்தான். வாசலில் கிடந்த அத்தனை செருப்பிலும் பக்கிள் வைத்தது ஒன்றுகூட இல்லை.

அமிர்தவள்ளி கையில் இருந்த பட்டையைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். மலேசியாக்காரிக்கும் இதே தொழுகைதானே. வீட்டு வாசலிலும் கழற்றுகிறவள்தானே. ஒரு நாளைக்கு எத்தனை தடவை குனிந்து பக்கிளை அவிழ்ப்பாள்? ஆம்பூர்க்காரர்கள் நாற்பது வருஷமாகச் செய்த ஷூ எல்லாம் காலையில் மாட்டினால் ராத்திரிதான் கழற்றுகிற தேசத்துக்கு. வீட்டுக்குள் ஷூ போடாத ஊரில் உட்கார்ந்து, வீட்டுக்குள் ஷூவோடு நடக்கிறவர்களுக்குத் தைத்துத் தைத்து, தங்கள் வாசலில் கிடப்பதையே யாரும் பார்க்கவில்லை. எம்பிஏவும் பார்க்கவில்லை.

அதோடு அச்சும் தப்பு. ஷூவைக் கால் வடிவத்தில் செய்த பிளாஸ்டிக் அச்சின்மேல் தோலை இழுத்துப் போட்டுத்தான் செய்வார்கள். அதை லாஸ்ட் என்பார்கள். இது ஜெர்மனிக் கால் லாஸ்ட், நீளமாக, ஒடுக்கமாக. நம் பெண்கள் கால் முன்பக்கம் விசிறி மாதிரி விரியும். மலேசியாக்காரி காலும் கிட்டத்தட்ட இதுதானே.

சொன்னாளா? சொல்லவில்லை. தீபாவளிக்கு எடுத்த புதுப் புடவையைப் பெட்டியில் வைத்துத் திறந்து திறந்து பார்ப்பதுபோல் அந்த ரகசியத்தைப் பத்து நாள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பக்கிளையும் மற்ற வேலையை விடக் கவனமாகத் தைக்கச் சொன்னாள். "பக்கிள் உறுதியா இருக்கணும்டி. வெளிநாடு போற சரக்கு" என்றாள். வீட்டில் சமையல் கூட ருசியாக அமைந்தது. கோபி இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டு, "இன்னா ஒரே குஷியா இருக்கே?" என்றான்.

"ஏன், நான் குஷியா இருக்கக் கூடாதா? உங்க தங்கச்சி மட்டும் தான் இருக்கணுமா?"

"நான் ஒண்ணுமே சொல்லல தாயே" என்று அவன் தட்டோடு எழுந்து போனான்.

அந்தக் குஷியைக் கெடுத்தவள் ஷஹீன் பானுதான். ஒருநாள் பட்டையைத் தைத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: "அக்கா, நம்ம லைன் இருக்கும்ல? எங்க பெரிய பொண்ணு நர்சிங் சேந்திருக்குது. இருக்கும்னா தான் அடுத்த வருசம் படிக்கும்."

"இருக்கும்டி. ஏன் இல்லாம?"

"உங்க நாத்தனாரு கெட்டிக்காரங்க. முடிச்சுடுவாங்க."

அமிர்தவள்ளி லைனைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பது தலைகள் குனிந்திருந்தன. நாத்தனார் விழுவதை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்று நினைத்தாளே, அவள் விழுந்தால் இந்த நாற்பது பேரும் அல்லவா கூடவே விழுவார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து பூங்குழலி அறைக்குப் போனாள். அவள் கட்டிலில் லேப்டாப்போடு சாய்ந்திருந்தாள். அமிர்தவள்ளி வாயைத் திறக்கும் முன்பே, கண்ணை எடுக்காமல், "அண்ணி, ஒரு டீ கெடைக்குமா?" என்றாள்.

டீ கிடைத்தது. சேதி கிடைக்கவில்லை.

ஆனால் லைன் போகக் கூடாது. நாத்தனாருக்குப் பேரும் கிடைக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி அமிர்தவள்ளிக்குத் தோன்றியது. ஸ்டோர் கீப்பர் தானியேலிடம் போனாள்.

"அண்ணே, முன்ன வேலூர் நர்சுங்களுக்கு வெள்ள ஷூ பண்ணமே, அந்த லாஸ்ட் இருக்கா?"

"அது எட்டு வருசம் ஆச்சேம்மா. இன்னாத்துக்கு?"

"காலுக்கு."

"எல்லா லாஸ்ட்டும் காலுக்குத் தான். பாய் கையெழுத்து வேணும்."

"அண்ணே, உங்க மருமக வீட்ட வுட்டுப் போன கதைய நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

தானியேல் ஏணியை எடுத்தான்.

மூன்று நாள் மதிய உணவு நேரத்தில் அமிர்தவள்ளியும் ஷஹீன் பானுவும் ஒரு ஜோடி தைத்தார்கள். அதே கறுப்புத் தோல், அதே குட்டைக் குதிகால். பட்டை பார்வைக்கு அப்படியே இருந்தது, ஆனால் பக்கிள் இல்லை. பட்டையின் அடியில் ஒளிந்திருந்த எலாஸ்டிக் இழுத்துக்கொடுத்தது. அகலமான லாஸ்ட்டில் ஏற்றினார்கள். ஷஹீன் பானு மாட்டிக்கொண்டு கேன்டீன் வரைக்கும் நடந்தாள். திரும்பி வந்து, நடக்கிற வேகத்திலேயே உதறினாள்.

"போட்டதே தெரியலக்கா. பூங்குழலி மேடத்துகிட்ட காட்டலாமா?"

"காட்டலாம். நாள் பாத்து காட்டலாம்" என்று அமிர்தவள்ளி அதை டிபன் பைக்குள் வைத்தாள்.

வியாபாரி வந்தாள். அலீனா என்று பெயர். தாத்தா காலத்தில் இங்கிருந்து கப்பலேறிப் போன குடும்பம், தமிழ் பேசினாள். நாற்பது வயது, தலையில் நீலத் துணி, கண்ணில் எதையும் நம்பாத ஒரு களை. பூங்குழலி கூடவே நடந்து லைன்களைக் காட்டினாள். சாம்பிள் ஷூவை அலீனா காலில் போட்டு நடந்தாள்.

"முன்னால இறுக்குதுலா" என்றாள் மலேசியா இழுவையோடு.

"போடப் போட இளகிடும் மேடம். ஒரிஜினல் லெதர்" என்றாள் பூங்குழலி.

தொழுகை நேரம் வந்தது. அலீனா சாம்பிள் ஷூவோடேயே கோடி அறைக்குப் போனாள். வாசலில் நின்றாள். பெண்கள் அவளைக் கடந்து, உதறி உதறி உள்ளே போனார்கள். அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, பக்கிளோடு மல்லாடினாள். புது பக்கிள், அமிர்தவள்ளி உறுதியாகத் தைக்கச் சொன்ன பக்கிள். ஒன்றை அவிழ்த்து நிமிர்ந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"எங்க ஊர்ல வீட்டு வாசல்ல கழட்டணும், தொழப் போனா சூராவ் வாசல்ல கழட்டணும், சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா கழட்டணும். இத வாங்கற பொம்பள ரெண்டாவது நாளே கடைல திருப்பிக் குடுத்திருவா. கடைக்காரன் என்கிட்ட திருப்புவான்" என்றாள்.

பூங்குழலியின் கையிலிருந்த ஃபைல் அப்படியே நின்றது. அவள் முகத்தில் ரத்தம் இல்லை. அமிர்தவள்ளி இந்த முகத்தைப் பார்க்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள். பார்த்தாள். நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை. ஆனாலும் கொஞ்சம் இனித்தது, அதை மறைப்பதற்கில்லை.

"இத போட்டுப் பாருங்கம்மா" என்று டிபன் பையிலிருந்து தன் ஜோடியை எடுத்து வைத்தாள்.

அலீனா போட்டாள். நடந்தாள். வாசலில் உதறினாள். மறுபடி நுழைத்துக்கொண்டாள். தொழுதுவிட்டு வந்து திரும்பவும் போட்டுக்கொண்டு, கழற்றாமலேயே ஆபீஸ் அறைக்குப் போனாள்.

"இத யார் செஞ்சது?" என்று சமீருல்லா கேட்டார்.

அமிர்தவள்ளி தொண்டையைச் செருமுவதற்குள் பூங்குழலி சொல்லிவிட்டாள்: "எங்க அண்ணி சார். அவங்களுக்குத் தான் இந்த வெவரம் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல."

வாய்வரைக்கும் வந்ததை நாத்தனார் அப்படியே பிடுங்கிக்கொண்டாள். தானே சொல்லிப் பேர் வாங்குவது ஒன்று, நாத்தனார் சிபாரிசில் வாங்குவது இன்னொன்று.

வீட்டில் பூங்குழலி கேட்டாள்: "முன்னாடியே தெரியுமா அண்ணி?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ டீ கேட்ட."

பூங்குழலி எழுந்துபோய் தானே இரண்டு டீ போட்டுக்கொண்டு வந்தாள். சர்க்கரை ஜாஸ்தி. அமிர்தவள்ளி குறை சொல்லாமல் குடித்தாள்.

ஆறாயிரம் ஜோடிக்கு ஆர்டர் வந்தது. நன்றாகப் போனால் மாதாமாதம். எட்டாம் லைன் டிசம்பரைத் தாண்டும் என்று சமீருல்லா லைனுக்கே வந்து சொன்னார். ஷஹீன் பானு மெஷினை நிறுத்திவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் அமிர்தவள்ளி பெரிய மனுஷி. ஆனால் மறுநாள் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபோட்டோ வந்தது. அலீனா, சமீருல்லா, நடுவில் பூங்குழலி, கையில் அந்த ஷூ. கீழே, "மலேசியா ஆர்டர் வென்ற பூங்குழலி டீமுக்கு வாழ்த்துகள்." போட்டவன் ஆபீஸ் பையன், பூங்குழலிக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அதையெல்லாம் யார் விசாரித்தார்கள்?

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அமிர்தவள்ளி நின்றுகொண்டே பேசினாள். மாதிரிக்கென்று லைனில் வைத்திருந்த அந்த ஷூவை டிபன் பையிலிருந்து வெளியே எடுத்தாள்.

"டீமாம்ல டீமு. இந்த எலாஸ்டிக்க யாரு வெச்சது? இங்க பாருங்கடி, பட்டைய தூக்கிப் பாருங்க. ரெண்டு பக்கமும் இல்ல, ஒரு பக்கம் தான் இழுக்கும். ரெண்டு பக்கமும் வெச்சா தொளதொளன்னு ஆய்டும். நர்சு ஷூ லாஸ்ட்டு, தானியேல் அண்ணன் ஏணி போட்டு எடுத்துக் குடுத்தாரு. எம்பிஏ புஸ்தகத்துல போட்டிருக்கா இது?"

ஷூ கை மாறிக் கை மாறிப் பின்சீட்டு வரைக்கும் போனது. பின்சீட்டுப் பெண்கள் பட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள், உள்ளே விரல் விட்டுப் பார்த்தார்கள். "சூப்பர்க்கா" என்றார்கள். ஒருத்தி ஃபோட்டோ எடுத்தாள். அமிர்தவள்ளி ஃபோட்டோவுக்கு ஷூவைச் சரியாகத் திருப்பிக் காட்டினாள்.

ஆறு வாரம் கழித்து அலீனா போன் செய்தாள். ஆம்பூரிலேயே இன்னொரு கம்பெனி இதே ஷூவை அனுப்பியிருக்கிறது, எலாஸ்டிக் ஒரே பக்கம், விலை கம்மி. அடுத்த ஆர்டரில் பாதி அவர்களுக்கு. மீதிப் பாதி வேண்டுமானால் நீங்களும் விலையைக் குறைக்க வேண்டும்.

சேதி மெஷின்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது எட்டாம் லைன் மறுபடி தொங்கலில் நின்றது. பாதி ஆர்டருக்கு முழு லைன் எதற்கு என்று ஆபீஸில் பேச்சு. விஷயம் எப்படி வெளியே போனது என்று சமீருல்லா கத்திக்கொண்டிருந்தார்.

பூங்குழலி லைனுக்கு வந்து அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பஸ்ல காட்டினீங்களா?"

அமிர்தவள்ளி கையிலிருந்த பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாய் கேட்டாரு. எனக்குத் தெரியலன்னு சொல்லிட்டேன். நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணி. நான் பாத்துக்கறேன்."

அவள் போன பிறகு அமிர்தவள்ளி லைன் கோடியில் நின்று நகத்தைக் கடித்தாள். தன் தப்பை நாத்தனார் மூடி வைப்பதா? இனி ஆயுசு பூராவும் வீட்டில் அந்தப் பெருந்தன்மை தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். டீ கேட்டாலும் போட வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு ஏற்கெனவே ஒரு பேர் வாங்கிவிட்டாள். அண்ணியைக் காப்பாற்றினாள் என்று இன்னொரு பேரா?

நேராக முதலாளி அறைக்குப் போனாள். பூங்குழலியும் அங்கேதான் இருந்தாள்.

"பாய், ஷூவ பஸ்ல காட்டினது நான். ஃபோட்டோ எடுக்கவும் வுட்டேன். இவளுக்கு அது தெரியும், எனக்காக மறச்சா. அவ மறைக்க வேணாம்."

சமீருல்லா கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் காட்டின?"

"குரூப்புல அவ பேரு வந்துச்சு."

"அவ்ளோ தானா?"

"அவ்ளோ தான் பாய்."

பூங்குழலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பின்னால் இருந்து தெரியவில்லை.

"உன்ன வூட்டுக்கு அனுப்பறது தான் நியாயம்" என்றார் சமீருல்லா.

"சார், அண்ணிய அனுப்பினா அவங்க அடுத்த கம்பெனிக்குப் போய்டுவாங்க. நமக்குத் தான் கஷ்டம்" என்றாள் பூங்குழலி திரும்பாமல். "ஒரு மாடல காப்பி அடிக்க ஆறு வாரம் ஆச்சு. நாம மாசத்துக்கு ஒரு மாடல் எறக்கினா அவங்க எப்பவும் பழசத் தான் அடிப்பாங்க. அலீனா மேடமும் புதுசு எங்க இருக்கோ அங்க தான் நிப்பாங்க. ஆனா அதுக்கு காலப் பாக்கற கண்ணு வேணும். எனக்கு அது இல்ல. அண்ணிய சாம்பிள் ரூமுக்கு எங்கிட்ட குடுங்க. லைன ஷஹீன் பானு பாத்துக்கட்டும்."

"யாருக்குக் கீழ?" என்றாள் அமிர்தவள்ளி.

"எனக்கு" என்றாள் பூங்குழலி.

"லைன் இருக்குமா பாய்?"

சமீருல்லா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "முதல்ல இருவத்தஞ்சு பேரோட ஓடட்டும். பதினஞ்சு பேர எப்படியாவது அஞ்சாம் லைன்ல நுழைக்கறேன். யாரையும் அனுப்பல. ஆனா சூப்பர்வைசர் கோட்ட கழட்டிடு அமிர்தம். புது மாடல் நிக்கற வரைக்கும் தான் இந்த ஏற்பாடு."

அமிர்தவள்ளி கோட்டைக் கழற்றினாள். பன்னிரண்டு வருஷம் குனிந்து வாங்கிய கோட்டு. மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"மேடம்னுலாம் கூப்ட மாட்டேன்" என்றாள்.

"கூப்பிட்டா தான் பயம் அண்ணி" என்றாள் பூங்குழலி.

திங்கட்கிழமையும் அமிர்தவள்ளி பஸ்ஸில்தான் வந்தாள். ஏசி வேனில் இடம் இருந்தது, நாத்தனார் பக்கத்து சீட்டில். வேண்டாம் என்றுவிட்டாள். பஸ்ஸில் வாயைத் திறக்கவில்லை. பின்சீட்டில் இருந்து ஒருத்தி, "இன்னாக்கா, அடுத்து இன்னா மாடலு?" என்று கேட்டபோது ஜன்னலுக்கு வெளியே பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாம்பிள் ரூமில் பூங்குழலிக்கு எதிரே ஒரு நாற்காலி. மேஜையில் அந்த இன்னொரு கம்பெனியின் ஷூ கிடந்தது, அலீனா அனுப்பி வைத்திருந்தாள். அமிர்தவள்ளி அதை எடுத்துத் திருப்பினாள். பட்டையை இழுத்துவிட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவை இழுத்தாள்.

"நம்ம எலாஸ்டிக் ரெண்டு மாசத்துல தளரும். இது தளராது. உள்ள இன்னொரு துணி வெச்சுத் தெச்சிருக்கா" என்றாள். சொல்லும்போதே முகம் சுருங்கியது. "யாரு இது பண்ணது?"

"யாரோ அம்பரீன்னு ஒரு பொண்ணாம். அவங்க சாம்பிள் ரூம்ல புதுசா சேந்திருக்காம்."

"எந்த ஊரு?"

"தெரியல அண்ணி."

"கல்யாணம் ஆச்சா? முன்ன எங்க வேல பாத்தா? வீட்ல யாரு இருக்காங்க, எத்தன மணிக்கு வூட்டுக்குப் போறா?"

"இதெல்லாம் எதுக்கு?"

"ஏற்கெனவே விக்கறவனப் பாக்கணும்னு நீ தானே படம் போட்ட" என்றாள் அமிர்தவள்ளி. ஷூவைக் கவிழ்த்து, ஊக்கால் தையலை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். "ரெண்டு நாள் குடு. அவ ஜாதகமே எடுத்துனு வர்றேன். இவ்ளோ நல்லா தெச்சிருக்கா பாரு, பாவி."